நிலபாவாடை கேட்ட மேஜர்

"தொன் கயித்தான் எமிலியானுஸ் முதலியார், மேஜர் (ஓய்வு). உயர்குடிப் பிறப்பு. அஞ்சா நெஞ்சர். கம்பீரமான தோற்றமும் கட்டளையிடும் குரலும் உடையவர். ஆபத்து வேளையில் நிதானம் இழக்காதவர். எப்போதும் முன்னின்று வழிநடத்தியவர்."

2010ஆம் ஆண்டு புனித சந்தியோகுமையோர் திருநாளன்று ஒலிபெருக்கியில் வாசிப்பதற்கென்று பாலைத்துறை இராணுவ முகாமில் தயாரித்த அறிமுகம் இது. மேஜரின் ஓய்வுப் பத்திரத்தில் சிங்களத்தில் கிடந்ததை யாரோ பொறுப்பாகத் தமிழாக்கியிருந்தார்கள். தமிழில் பிழையில்லை. ஆளில்தான் பிழை.

தொன் என்ற பட்டம் போர்த்துக்கேயர் கொடுத்தது, அது உண்மை. மேஜர் என்பதும் உண்மை. மற்றப்படி அவர் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே, காற்றடித்தால் தொப்பியைப் பிடிப்பதா தன்னைப் பிடிப்பதா என்று யோசிக்கிற உடம்பு. குரல், தொண்டையில் மீன்முள் சிக்கியவருடையது. நெஞ்சு அஞ்சாத நாள் எதுவென்று அவரிடமே கேட்டிருந்தால் நேர்மையாக யோசித்து, ஞானஸ்நானம் பெற்ற நாளாக இருக்கலாம், அதுகூட நினைவில்லை என்றிருப்பார். கடற்கரையில் பிறந்து கடலுக்குப் பயந்தார். இடிக்குப் பயந்தார். சிறுவயதில் கோயிலுக்குள் போகவே பயந்தார், ஏனென்றால் அங்கே சந்தியோகுமையோர் வெள்ளைக் குதிரையில் வாளை ஓங்கியபடி நின்றார். அந்தக் குதிரையின் கண் அவர் போகிற பக்கமெல்லாம் திரும்பியது.

அப்படிப்பட்டவரைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர் தகப்பன். முதலியார் பட்டத்துக்கு வெள்ளைக்காரன் போனபின் விலையில்லை, இனிச் சீருடைக்குத்தான் மரியாதை என்பது அவருடைய கணக்கு. மறுத்துச் சொல்லப் பயந்ததால் எமிலியானுஸ் படையில் சேர்ந்தார். இருபது வருடத்துக்கு மேல் கூடாரம், கம்பளி, மடக்குக் கட்டில் ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருந்து படிப்படியாக உயர்ந்தார். சுடும் பயிற்சிக்குப் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். வெடிச் சத்தம் கேளாமல் அவர் அசையாது நிற்பதைக் கண்ட மேலதிகாரி, தன் ஆட்களின் முன்னால் குண்டுக்கும் அலட்சியமாக நிற்கிறார் என்று எழுதினார். 'ஆபத்து வேளையில் நிதானம்' பத்திரத்துக்குள் நுழைந்தது அந்த வழியால்தான்.

ஒரேயொரு நாள் அவர் உண்மையான ஆபத்தைக் கண்டார். தியத்தலாவை முகாமில் சிப்பாய்களுக்குப் பெரிய கூடாரமொன்றில் படம் காட்டிக்கொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் விளக்கொன்று விழுந்தது. விழுந்த இடத்தில் எரிந்தது ஒரு பாய் மட்டும்தான். ஆனால் எவனோ "நெருப்பு!" என்று கத்திவிட்டான். துணிச்சலுக்குப் பெயர்போன ஆண்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். எமிலியானுஸ் பயத்தில் கால் வராமல் மேசைக்கடியில் கிடந்தார். நெருப்பு ஒருவரையும் தொடவில்லை. மிதிபட்டு இறந்தவன் ஒரு சமையற்காரப் பொடியன். அவனுடைய வாயில் அன்றிரவுச் சோறு இன்னும் இருந்தது. மேசைக்கடியிலிருந்து அதைப் பார்த்தவர், நெருப்பைவிட அந்தச் சொல்தான் கொன்றது என்பதைத் தன் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. மற்ற அதிகாரிகள் துவக்கை அறிந்ததுபோல அவர் பயத்தை அறிந்திருந்தார். அது எப்படிச் சுடும், எந்தப் பக்கம் உதைக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். ஊரில் அவருக்குக் கிடைத்தது ஓய்வல்ல. இயக்கத்துக்கு அவர் பழைய ஆமி. ஆமிக்கு அவர் தமிழர். சனத்துக்கு அவர் வளவுக்கார முதலியார். யாருக்குமே வேண்டாத மூன்று பேராக ஒரே உடம்பில் இருந்துகொண்டு, சீருடையைத் தென்னைக்கடியில் குழி தோண்டித் தாட்டார். தொண்ணூறில் எல்லாரும் ஓடியபோது மனைவியுடன் வள்ளமேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போய், தான் ஒரு வாத்தியார் என்று பதிந்தார். மனைவி அங்கேயே கண்ணை மூடினாள். சண்டை ஓய்ந்தபின், விதவையாகத் தாழ்வுபாட்டுக் கரையில் ஒரு மீனவர் வாடிக் குடிசைக்குள் இருந்த தங்கச்சி அன்னப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாலைத்துறைக்குத் திரும்பினார். வளவு வீட்டில் சுவர் மட்டும் நின்றது. அதற்குள் தறப்பாள் கட்டிக் குடியேறினார்கள். முதலியாருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நீலத் தறப்பாள்தான். அந்த விசயத்தில் அகதி நிறுவனம் சாதி பார்க்கவில்லை.

இராணுவ முகாம் கப்டன் பேரன் வயதுப் பிள்ளை. ஓய்வூதிய அலுவலாக மேஜரின் பத்திரத்தைப் பார்த்த நாளிலிருந்து அவரைக் கண்ட இடத்தில் விறைத்து நின்று சல்யூட் அடிப்பான். ஒவ்வொரு சல்யூட்டுக்கும் மேஜர் வந்த அலுவலை மறந்து வீட்டுக்குத் திரும்புவார். சனம் அதைத் தூரத்தில் நின்று பார்க்கும். ஆமிக்கு நடுங்குகிற மனிதரைக் கண்டு, ஆமியே சல்யூட் அடிக்கிறதே என்று ஊர் நடுங்கியது. அவர் வந்தால் சந்தியில் பேச்சு நிற்கும். பேச்சு ஏன் நிற்கிறது என்று அவர் பயப்படுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் நிலத்தில் இருந்தது.

கோயிலிலிருந்து கடலுக்குப் போகும் வழியில் ஒரு கிழட்டுப் பெருக்கமரம் நிற்கிறது. பத்துப்பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடி. அதன் வலப்பக்கத்தால் போவது பழைய பாதை. இடப்பக்கத்தால் ஆமி புதிதாகக் கிரவல் றோட்டுப் போட்டிருந்தது. மிதிவெடி அகற்ற வந்தவர்கள் கிரவல் றோட்டைத் துப்புரவாக்கிவிட்டு, பழைய பாதையின் வாயில் தலையில் சிவப்பு மை பூசிய தடிகளை வரிசையாக நட்டு, மண்டையோடு போட்ட பலகையும் தொங்கவிட்டு, மிச்சத்தைப் பிறகு வந்து முடிப்பதாகச் சொல்லிக்கொண்டு வேறொரு ஊருக்குப் போய்விட்டார்கள்.

மேஜர் தினமும் காலையில் அங்கே போய்த் தடிகள் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவார். மற்றவர்கள் கோயிலுக்குப் போவதுபோல.

"ஏன் அண்ணை, உந்தத் தடியள் இரவில எழும்பி நடக்குமோ?" என்பாள் அன்னப்பிள்ளை.

"நடக்காது எண்டு ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்குப் பட்டாளத்தில சம்பளம் தந்தவனைத்தான் நான் தேடுறன்."

இந்த நிலையில்தான் திருநாள் வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு முதல் திருநாள். பாலைத்துறையில் சுற்றுப்பிரகார ஊர்வலம் கொஞ்சம் வித்தியாசமானது. சுவாமியார் முன்கூட்டியே கடற்கரைப் பந்தலுக்குப் போய்விடுவார். புனிதர் குதிரையோடு, ஆட்கள் தோளில் சுமக்கும் கூட்டில் ஏறி, படைத்தலைவர்போல எல்லாருக்கும் முன்னால் கடலுக்கு வருவார். அவருக்கு முன்னால் போக ஒரேயொருவருக்குத்தான் உரிமை. முதலியார் வீட்டு மூத்த ஆண், நிலபாவாடையாக விரித்த வெள்ளைச் சீலையில், புனிதருக்கு முதுகு காட்டாமல், அவர் முகத்தைப் பார்த்தபடி கடல்வரைக்கும் பின்காலால் நடக்க வேண்டும்.

கோயில் மூப்பர் வஸ்தியாம்பிள்ளை ஒரு கிழமைக்கு முன்னமே வந்து தலையைச் சொறிந்தார். "மேஜர் ஐயா, சீலைக்குத்தான் வழியில்லை..."

"உந்தக் கோதாரி இனி வேண்டாம் மூப்பர். மனிசன் நடக்கிறதுக்கு நிலம் போதும்."

மூப்பருக்கு முகம் மலர்ந்தது. "நீங்கள் பெரிய மனிசன் ஐயா. ஆனால் பின்காலால் நடக்கிறது... அதை விடேலாது. புனிதருக்கு முதுகு காட்டினால் மீன் படாது."

மேஜர் அதையும்தான் விடச் சொல்ல நினைத்திருந்தார். மீன் படாது என்றதும் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து காலையில் கிரவல் றோட்டில் யாருமில்லாத நேரம் பார்த்துப் பின்காலால் நடந்து பழகினார். விழுந்துவிடுவோம், கூடு தன்மேல் சரியும், ஓங்கிய வாள் கழுத்தில் இறங்கும் என்று நினைத்தார். கோயிலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போகும்போது பெருக்கமரம் இடக்கைப் பக்கம் வந்தால் வழி சரி என்று மனதில் பதித்துக்கொண்டார். திருநாளுக்கு முதல்நாள் பயத்தில் வயிற்றால் போகத் தொடங்கிவிட்டது. அன்றும் மறுநாள் காலையிலும் அவர் எங்கும் போகவில்லை. தடிகளைப் பார்க்கவும் போகவில்லை.

அந்த இடைவெளியில்தான் மூப்பர் அங்கே போயிருந்தார்.

கொடிமாலை கட்டக் கம்பில்லை. காட்டுக்குள் தடி வெட்ட ஆமி விடாது. பழைய பாதையடியில் ஒரே உயரமாக, நேராக, ஒருவருக்கும் உதவாமல் அத்தனை தடி நின்றது. மிதிவெடிக்காரரை ஒரு மாதமாகக் காணவில்லை, அப்போ வேலை முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? திருநாள் நேரத்தில் புனிதர் போகிற வழியில் மண்டையோட்டுப் படம் தொங்குவதும் லட்சணமில்லை. வஸ்தியாம்பிள்ளை பலகையைக் கழற்றி மரத்தடியில் கவிழ்த்து வைத்தார். தடிகளைப் பிடுங்கிப் போய், கோயில் வாசலில் கலர்த்தாள் சுற்றி நட்டார். பக்தியில் அவருக்குக் குறை சொல்ல முடியாது.

பொழுது சாய்கிற நேரம் கூடு எழும்பியது. சோளகக் காற்று மணலை அள்ளி அடித்தது. ஒலிபெருக்கியில் அந்த அறிமுகம் வாசிக்கப்பட்டபோது, 'அஞ்சா நெஞ்சர்' என்ற இடத்தில் மேஜர் ஒருமுறை யாரையோ தேடுவதுபோலத் திரும்பிப் பார்த்தார். வாசலில் கொடிமாலைக் கம்பொன்றில் காற்று கலர்த்தாளைக் கிழித்துவிட்டிருந்தது. உள்ளே சிவப்புத் தெரிந்தது. அவருடைய கண் அதைக் கண்டது, மனம் காணவில்லை. மனம் முழுக்கக் குதிக்காலில் இருந்தது.

கூட்டின் முன்தோளில் மூப்பர். பின்னால் இளந்தாரிகள், பெண்கள், பிள்ளைகள், முழு ஊரும். திருநாள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். மேஜர் வேட்டி தடக்காமல் ஒவ்வொரு காலாகப் பின்வைத்தார். குதிரை அவரை முறைத்தது. மரத்தடி வந்தபோது கூடு திரும்புவது தெரிந்தது; அவரும் திரும்பினார். மூப்பரின் தலை ஆமி போட்ட கிரவல் றோட்டை அறியும். ஆனால் கூட்டைத் தோளில் வைத்தவனுக்கு நிலம் தெரியாது, காலைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கால் பதினைந்து வயதிலிருந்து புனிதரோடு பழைய பாதையில்தான் போயிருக்கிறது. மறித்து நிறுத்த அங்கே ஒரு தடியும் இல்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் அதே கால்கள்.

காலுக்கடியில் கிரவல் குத்தவில்லை என்பதை மேஜர் முதலில் உணர்ந்தார். மெத்தென்ற மணல். நல்லது, விழுந்தாலும் நோகாது என்று நினைத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

பெருக்கமரம் அவருடைய வலக்கைப் பக்கம் நின்றது.

அதன் பிறகுதான் அந்தக் கிழிந்த கலர்த்தாளும் சிவப்பும் மனதுக்குள் வந்தன. இரண்டும் சேர்ந்தபோது அவருக்குள் ஏதோ அறுந்து, தொடை வழியே சூடாக இறங்கியது. கால் அப்படியே நின்றது. அவர் நின்றதால் மூப்பர் நின்றார். மூப்பர் நின்றதால் கூடு நின்றது. பாட்டு ஒவ்வொரு குரலாக அறுந்தது.

முன்னால் இருந்த மண் மிதிபட்ட மண். அது இதுவரைக்கும் பொறுத்திருக்கிறது. இரண்டு பக்கமும் மிதிபடாத புல். பின்னால் என்னவென்று தெரியாது. சனம் வந்த வழியே திரும்பினால் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால்? தாய்மார் பிள்ளையை அள்ளிக்கொண்டு புல்லுக்குள் பாய்வார்கள். இளந்தாரிகள் கூட்டைப் போட்டுவிட்டுச் சிதறுவார்கள். அவருடைய கண்ணுக்குள் சோற்று வாயோடு ஒரு பொடியன் கிடந்தான். பயந்த சனம் ஓடும். ஓடாமல் நிற்கிற சனம் எது? கோபம் வந்த சனம்.

"நில்லுங்கோ!" என்றார். குரல் கீச்சிட்டது. "நிலபாவாடை எங்கை?"

மூப்பர் கூட்டுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன மேஜர் ஐயா?"

"எங்கட வீட்டுக்கு விரிக்கிற நிலபாவாடை எங்கை எண்டு கேட்டனான்."

"நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள்!"

"நான் ஒரு மரியாதைக்குச் சொன்னனான். அதை உண்மை எண்டு எடுத்தனீரோ? என்ர அப்பரை இப்பிடி வெறும் மண்ணில நடக்க விட்டிருப்பீரோ? திருப்பும் கூட்டை! கோயில் வாசலுக்குப் போய்ச் சீலை விரிச்சு முதல்ல இருந்து வாங்கோ."

பின்னால் பெண்கள் பக்கத்தில் இரைச்சல் எழும்பியது.

"கேட்டியேடி? சனம் கட்டச் சீலையில்லாமல் தறப்பாளுக்குள்ள கிடக்குது, இவற்ற காலுக்குச் சீலையாம்!"

"இருவது வருசம் செத்துக் கிடந்த முதலியார்ப் பேய் இண்டைக்கெண்டு எழும்பியிட்டுது."

"சல்யூட் அடிக்க ஆமி இருக்கெல்லோ, அந்தக் கொழுப்பு!"

ஏசுங்கோ, என்று மேஜர் உள்ளுக்குள் மன்றாடினார். இன்னும் ஏசுங்கோ. ஓடாதேங்கோ. வெளியே, "வந்த தடத்தாலதான் திரும்ப வேணும்!" என்று கீச்சிட்டார். "கடைசி ஆள் முதல்ல. ஒருத்தர் மிதிச்ச இடத்தில மற்றவர் மிதிக்க வேணும். புல்லில கால் வைச்சவன்ர வீட்டில இருந்து இனி ஒருத்தரும் புனிதருக்குத் தோள் குடுக்கேலாது. அதுதான் வழக்கம்!"

"அப்பிடியொரு வழக்கம் நான் கேள்விப்படேல்லை," என்றார் மூப்பர், சிவந்த முகத்தோடு.

"உம்மட கொப்பருக்குத் தெரியும். அவரிட்டக் கேளும்."

மூப்பரின் தகப்பன் கோயில் சேமக்காலையில் புதைந்து கிடந்தார். கேட்க முடியாது. மூப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு, கூட்டைத் திருப்பச் சொன்னார். வழக்கம் பொய்யாக இருக்கலாம், தோள் கொடுக்கிற உரிமையோடு விளையாட முடியாது. முகாம் வாசலில் கப்டன் வேறு பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊர்வலத்தின் வால் மெல்லத் திரும்பியது. அப்போது பாதி வழியில் கஸ்பார் என்ற வள்ளக்காரச் சம்மாட்டி வரிசையை விட்டான். "உங்கட நாடகத்துக்கு நான் ஆளில்லை. நான் குறுக்கால வீட்ட போறன்," என்று புல்லை நோக்கிக் காலைத் தூக்கினான்.

"கஸ்பார்!" மேஜருடைய வாழ்நாளிலேயே உரத்த சத்தம் அதுதான். "போ! உன்ர கொப்பனும் எங்கட வளவில தேங்காய் களவெடுத்துக்கொண்டு இப்பிடிக் குறுக்காலதான் ஓடினவன்!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு அது பாதைக்கே திரும்பி வந்தது. "என்ன சொன்னனீ, கிழட்டு நாயே?" கஸ்பார் அவரை அடிக்க நேரே வந்தான். மிதிபட்ட மண்ணில், கூடு வரைக்கும் வந்தான். கூடு தூக்கியவர்கள் அவனை மறித்து, தள்ளிக்கொண்டு, தாங்களும் பின்வாங்கினார்கள். அவனுடைய தகப்பன் ஒரு தேங்காயும் எடுத்ததில்லை. அந்த ஊரில் யார் வீட்டுக் கணக்கும் அவ்வளவு சுத்தமில்லை, கஸ்பாருடைய தகப்பன் கணக்கைத் தவிர. மேஜருக்கு அது தெரியும்.

கூடு போனது. குதிரையின் கண் தூரத் தூரப் போனது. எல்லாரும் மரத்தைத் தாண்டுகிற மட்டும் மேஜர் எண்ணெய் தீர்ந்த விளக்குப்போல நின்றார். காற்று மட்டும் அவரோடு நின்றது. காற்றில் ஏதாவது உருண்டு வந்து தன் பின்னால் விழுமோ என்று செவியைத் தீட்டினார். மூத்திரத்தில் நனைந்த வேட்டி காலோடு குளிர்ந்தது.

சத்தம் கேட்டுக் கிரவல் றோட்டால் ஓடிவந்த கப்டன் அவர் நிற்கிற இடத்தைக் கண்டான்.  "சேர்! அங்கயே நில்லுங்க! எப்பா, அசையாதீங்க சேர்!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சிங்களத்தையும் கலந்து கத்தினான்.

அப்போதுதான் ஊர் அவனைப் பார்த்தது, பிறகு பாதையைப் பார்த்தது. மூப்பர் தோளில் கூட்டோடு கோயில் வாசல் பக்கம் திரும்பினார். கலர்த்தாள் பறந்த கம்புகளின் தலைகள் எல்லாம் சிவப்பாக வரிசையில் நின்றன. அவற்றைப் பிடுங்கிய தன் கையைப் பார்த்தார்.  ஒரு பெண் பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு அமத்திக்கொண்டாள். ஒருவரும் ஓடவில்லை. ஓட வேண்டிய இடத்தை ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தார்கள்.

மேஜரால் வர முடியவில்லை. முன்னால் அத்தனை பேர் நடந்த தடம் கிடந்தது, அதில் வைக்கக் கால் கேட்கவில்லை.

அன்னப்பிள்ளை மரத்தடிக்கு வந்தாள். "அண்ணை," என்றாள், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். "வாங்கோ. மூப்பற்ற பெரிய கால் ரெண்டும் உங்களுக்கு முன்னால பதிஞ்சு கிடக்கு. அதுக்குள்ள வையுங்கோ."

"ஏலாது பிள்ளை."

"பயமாயிருக்கோ?"

"ஓம்."

"அது எப்பவும்தானே. வாங்கோ."

அவர் வந்தார். மூப்பரின் காலடிக்குள் தன் சின்னக் கால்களை ஒவ்வொன்றாக வைத்து, குழந்தைபோல் அழுதுகொண்டு வந்தார். கப்டன் அன்று சல்யூட் அடிக்க மறந்துபோனான். கஸ்பார் அவருடைய வேட்டியைப் பார்த்துவிட்டுத் தன் தோள் துவாயை எடுத்து அவர் இடுப்பில் கட்டினான். தகப்பனைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் மன்னிப்பே கொடுக்கவில்லை. அடுத்த திருநாள் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

மிதிவெடிக்காரர் திரும்ப வந்து அந்தப் பாதையைக் கிளறினார்கள். புல்லுக்குள்ளிருந்தும், மேஜர் நின்ற இடத்துக்கு அப்பால் பாதைக்குள்ளிருந்தும் வெடிகள் எடுத்தார்கள். முகாமில் அறிமுகத்தைத் திருத்தி, 'மிதிவெடித் துறையில் தேர்ச்சி பெற்றவர்' என்றொரு வரியும் சேர்த்தார்கள். மேஜர் அந்தத் தாளைக் கண்டு, இனித் தன்னை எங்காவது கிளறக் கூப்பிடுவார்களோ என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். பாதை மாறிப்போனதைக் கண்டார். மிதிவெடி என்ற சொல்லைச் சொல்லாமல், நிலபாவாடை கேட்டுச் சண்டை பிடித்தார். ஊர்ச்சனம் வெளியே போகும்வரை அங்கேயே நின்றார்.